ஃபத்ஹுல் பாரீ, 15 பாகத் தொகுதி: இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய பின் எழுதும் மதிப்புரை

இமாம் புகாரீ தொகுத்த ஹதீஸ் (நபிமொழி) நூலான ஸஹீஹுல் புகாரீக்கு இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) எழுதிய விரிவுரையான ஃபத்ஹுல் பாரீயின் அரபு மூலத்தை முழுத் தொகுதியாக வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விரிவுரை 13 பாகங்கள், ‘ஹத்யுஸ் ஸாரீ’ என்னும் முன்னுரை தனியே ஒரு பாகம், அட்டவணைகள் ஒரு பாகம் என மொத்தம் 15 பாகங்கள். கெய்ரோவின் ஸலஃபிய்யா அச்சகம் முஹிப்புத்தீன் அல்கதீபின் மேற்பார்வையிலும் முஹம்மத் ஃபுஆத் அப்துல் பாகீயின் எண்ணிடலுடனும் வெளியிட்ட பதிப்பைத் தழுவி, புதிதாக அச்சுக் கோத்து வெளியிடப்பட்ட தொகுதி இது. ஏறத்தாழ இதே அமைப்பில் வெவ்வேறு அட்டைகளுடன் பல பதிப்பகங்கள் இந்நூலை வெளியிடுகின்றன. ஆகவே பதிப்பகத்தின் பெயரை விட்டுவிட்டு, இந்த அமைப்பில் உள்ள எந்தத் தொகுதியை வாங்கினாலும் கவனிக்க வேண்டியவற்றை எழுதுகிறேன்.

வெளித்தோற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தையல் பைண்டிங், இரண்டு ஆண்டுகள் புரட்டியும் ஒரு பாகம்கூடத் தளரவில்லை. மங்கிய மஞ்சள் நிறத் தாள் கண்ணை உறுத்தாதது. எழுத்தின் அளவு போதுமானது, ஆனால் அடிக்குறிப்புகளுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். முதுகில் பாக எண்ணோடு அந்தப் பாகத்தில் உள்ள ஹதீஸ்களின் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் அச்சிட்டிருக்கிறார்கள். இது சிறிய வசதிபோலத் தெரிந்தாலும், ஒரு நாளில் பத்து முறை அலமாரியை நோக்கிக் கை நீட்டுபவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

வாங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இப்னு ஹஜர் என்ற பெயரில் இருவர் இருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் (சட்டப் பிரிவின்) நூல்களைப் படிப்பவர்கள் அடிக்கடி கேள்விப்படும் துஹ்ஃபாவின் ஆசிரியர் இப்னு ஹஜர் அல்ஹைதமீ. அவர் ஹிஜ்ரி 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். நாம் பேசுகிற அஸ்கலானீ அவருக்கு முந்தையவர், ஹிஜ்ரி 773இல் (கி.பி. 1372) பிறந்து 852இல் (கி.பி. 1449) மறைந்தவர். இந்தக் குழப்பம் போதாதென்று, அஸ்கலானீயின் ஆசிரியர்களுள் ஒருவரின் பெயர் நூருத்தீன் அல்ஹைஸமீ. அவர் ‘மஜ்மஉஸ் ஸவாயித்’ தொகுத்தவர், மூன்றாமவர். அரபு எழுத்தில் ஹைதமீக்கும் ஹைஸமீக்கும் வேறுபாடு ஒரே ஒரு புள்ளிதான். பட்டியலைப் பார்த்து நூல் தருவிப்பவர்கள் ஆசிரியர் பெயரை இறுதிவரை படித்துவிட்டுப் பணம் செலுத்துவது நல்லது.

முன்னுரைப் பாகத்தின் தொடக்கத்தில் பதிப்பாளர்கள் ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பைச் சேர்த்திருக்கிறார்கள். தொகுதியிலேயே மெலிந்த பகுதி இதுதான் என்பது என் கருத்து. ஆசிரியர்களின் பட்டியல், மாணவர்களின் பட்டியல், நூல்களின் பட்டியல், பிறகு பிற்கால அறிஞர்களின் புகழுரைகள் என்று அது நகர்கிறது. படித்து முடித்த பிறகும், இவ்வளவு பெரிய நூலை எழுதிய மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பது விளங்குவதில்லை. அவருடைய மாணவர் ஸகாவீ தம் ஆசிரியருக்காகவே ‘அல்ஜவாஹிர் வத்துரர்’ என்ற பெரிய வாழ்க்கை வரலாற்றை எழுதி வைத்திருக்கும்போது, அதிலிருந்து பெயர்களையும் பட்டங்களையும் மட்டும் உருவியெடுத்துப் போடுவது ஒருவகைக் கஞ்சத்தனம்.

இப்னு ஹஜர் அஸ்கலானில் பிறந்தவர் அல்லர். முன்னோர்களின் ஊர்ப் பெயர்தான் அவரோடு ஒட்டிக்கொண்டது. அவர் பிறந்தது நைல் நதிக்கரையில், பழைய கெய்ரோவில். தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார், தந்தை மறைந்தபோது அவருக்கு நான்கு வயது. அவரைவிட மூன்று வயது மூத்த சகோதரி ஸித்துர் ரக்பை, “என் தாய்க்குப் பிறகு எனக்குத் தாயாக இருந்தவர்” என்று அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். தந்தையின் நண்பரான கர்ரூபீ என்ற பெருவணிகர் பொறுப்பேற்று வளர்த்தார். ஒன்பது வயதில் குர்ஆன் மனனம் முடிந்தது. அந்த வணிகரோடு மக்காவுக்குச் சென்று தங்கியிருந்தபோது, பன்னிரண்டாம் வயதில், ஹிஜ்ரி 785இல், அங்கே ரமளான் இரவுகளின் தராவீஹ் தொழுகைக்கு இமாமாக நின்றார்.

அவருடைய ஹதீஸ் கல்விக்கு அடித்தளமிட்டவர் ஸைனுத்தீன் அல்இராகீ. பத்து ஆண்டுகள் அவரோடு இருந்தார். இராகீயின் இறுதிக் காலத்தில், உங்களுக்குப் பின் ஹதீஸ் துறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டபோது, அவர் முதலில் சொன்னது இப்னு ஹஜரின் பெயரை. அதற்கு அடுத்துத்தான் தம் சொந்த மகன் அபூ ஸுர்ஆவைக் குறிப்பிட்டார். கல்விக்காக யமன் சென்றபோது ஸபீத் நகரில் ‘அல்காமூஸ்’ அகராதியின் ஆசிரியர் ஃபீரோஸாபாதீயைச் சந்தித்தார். ஹிஜ்ரி 802இல் திமிஷ்க் (டமாஸ்கஸ்) சென்று நூறு நாள்கள் தங்கி, ஏறத்தாழ ஆயிரம் ஹதீஸ் ஏடுகளை அங்குள்ள ஆசிரியர்களிடம் படித்து முடித்தார். தப்ரானீயின் ‘அல்முஃஜமுஸ் ஸகீர்’ முழுவதையும் லுஹர் (நண்பகல்), அஸர் (பிற்பகல்) தொழுகைகளுக்கு இடைப்பட்ட ஒரே அமர்வில் படித்தார் என்பதும், ஸஹீஹுல் புகாரீயைப் பத்து அமர்வுகளில் படித்தார் என்பதும் பலரும் எடுத்துச் சொல்லும் செய்திகள். ஸம்ஸம் நீரை அருந்தும்போது, நினைவாற்றலில் முந்தைய ஹதீஸ் அறிஞர் தஹபீயின் தகுதியை அடைய வேண்டும் என்று பிரார்த்தித்ததாக அவரே கூறியிருக்கிறார்.

வாழ்க்கைக் குறிப்பில் விடுபட்டிருப்பதாக நான் மிகவும் வருந்துவது அவருடைய வீட்டைப் பற்றிய செய்திகள். மனைவி உன்ஸ் ஹதீஸ் கற்பித்தவர். அவரிடம் பாடம் கேட்டவர்களுள் ஸகாவீயும் ஒருவர். ஹிஜ்ரி 819இன் கொள்ளைநோயில் இரண்டு மகள்களையும், 833இன் கொள்ளைநோயில் கருவுற்றிருந்த மூத்த மகள் ஸைன் காத்தூனையும் இப்னு ஹஜர் பறிகொடுத்தார். கொள்ளைநோயைப் பற்றி அவர் எழுதிய ‘பத்லுல் மாஊன்’ என்ற தனிநூல் முதல் துயரின் ஆண்டில் தொடங்கப்பட்டு இரண்டாம் துயரின் ஆண்டில் முடிவுற்றது. கெய்ரோவில் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவானோர் இறந்துகொண்டிருந்த நிலையில் மக்கள் கூட்டமாகப் பாலைவெளிக்குச் சென்று பிரார்த்தித்துத் திரும்பினார்கள் என்றும், அந்த மாதம் முடிவதற்குள் நாளொன்றுக்கு இறப்பவர்கள் ஆயிரத்தைக் கடந்துவிட்டார்கள் என்றும் அந்நூலில் பதிவு செய்திருக்கிறார். இந்தப் பின்னணியை அறிந்த பிறகு, நம் தொகுதியின் பத்தாம் பாகத்தில் மருத்துவம் பற்றிய அத்தியாயத்தில் வரும் கொள்ளைநோய் ஹதீஸ்களின் விரிவுரையைப் படிப்பது வேறோர் அனுபவம். சொற்பொருளையும் அறிவிப்புகளின் வேறுபாட்டையும் நிதானமாக ஆராயும் அந்தப் பக்கங்களுக்குப் பின்னால் மூன்று பிள்ளைகளை அடக்கம் செய்த ஒரு தந்தை இருக்கிறார்.

இனி நூலைப் பார்ப்போம். இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், புகாரீக்கு விரிவுரை எழுதுவது இந்தச் சமுதாயத்தின் மீதுள்ள கடன் என்ற கூற்றைப் பதிவு செய்திருந்தார். அவர் கெய்ரோவில் வாழ்ந்து ஹிஜ்ரி 808இல் மறைந்தவர். இளம் இப்னு ஹஜர் அவரைச் சந்தித்தும் இருக்கிறார். ஹிஜ்ரி 813இல் முன்னுரை நிறைவடைந்தது. 817இல் விரிவுரை தொடங்கியது, 842ஆம் ஆண்டு ரஜப் மாதத்தின் முதல் நாளில் (கி.பி. 1438 டிசம்பர்) முடிந்தது. இந்த 25 ஆண்டுகளில் அவர் பின்பற்றிய முறை இன்றைய பதிப்பாளர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. முதலில் மாணவர்கள் எழுதிக்கொள்ள அவர் சொல்லிக்கொண்டு போனார். பிறகு தாமே சிறிது சிறிதாக எழுதினார். எழுதிய ஏடுகளைத் தேர்ந்த மாணவர் குழுவொன்று படியெடுத்துக்கொண்டு வரும். வாரத்தில் ஒரு நாள் எல்லாரும் கூடுவார்கள். புர்ஹானுத்தீன் இப்னு கிள்ர் படிக்க, மற்றவர்கள் தத்தம் படிகளோடு ஒப்பிட்டு, ஐயம் எழுந்த இடங்களில் விவாதித்துத் திருத்துவார்கள். ஒவ்வொரு வரியும் ஆசிரியரின் முன்னிலையில் சரிபார்க்கப்பட்ட பிறகே அடுத்த ஏடு தொடங்கும்.

முடிவதற்கு முன்பே நூலின் புகழ் எகிப்தைக் கடந்துவிட்டது. தைமூரின் மகன் ஷாருக், மம்லூக் சுல்தான் பர்ஸ்பாயிடம் இதன் படியைக் கேட்டுத் தூது அனுப்பினார். நிறைவு விழாவைக் கெய்ரோவுக்கு வெளியே ‘அத்தாஜ் வஸ்ஸப்உ வுஜூஹ்’ என்ற இடத்தில் நடத்தி, ஏறத்தாழ 500 தீனார் செலவில் விருந்தளித்தார்கள். நூலின் படி 300 தீனாருக்கு விலை போனது. பிற்காலத்தில் யமனின் ஷவ்கானீயிடம், நீங்களும் புகாரீக்கு ஒரு விரிவுரை எழுதலாமே என்று கேட்டார்கள். மக்கா வெற்றிக்குப் பின் ஹிஜ்ரத் (புலம்பெயர்தல்) இல்லை என்ற பொருளுடைய “லா ஹிஜ்ரத பஃதல் ஃபத்ஹ்” என்ற ஹதீஸைச் சொல்லி அவர் நகர்ந்துவிட்டார். ‘ஃபத்ஹ்’ என்ற ஒரே சொல் வெற்றியையும் இந்த நூலையும் குறித்துவிடுவதால், அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

முன்னுரைப் பாகமான ஹத்யுஸ் ஸாரீ பத்துப் பிரிவுகளைக் கொண்டது. முழுத் தொகுதியை வாங்க இயலாதவர்கள் இந்த ஒரு பாகத்தையாவது தனியாக வாங்கலாம். ஐந்தாம் பிரிவு புகாரீயில் வரும் அருஞ்சொற்களுக்கான அகரவரிசை அகராதி. எட்டாம் பிரிவில், தாரகுத்னீ முதலிய அறிஞர்கள் குறைகண்ட 110 ஹதீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறார். அவற்றில் 32 இமாம் முஸ்லிமின் ஹதீஸ் தொகுப்பிலும் இடம்பெற்றவை, மீதி 78 புகாரீயில் மட்டும் உள்ளவை. இந்தப் பிரிவில் என்னைக் கவர்ந்தது, எதிர்த்தரப்பின் வாதத்தைக் குறைக்காமல் முழுமையாக எடுத்து வைப்பதுதான். சில இடங்களில் பதில் வலுவாக இல்லை என்பதை அவரே மறைக்காமல் காட்டிவிடுகிறார். ஒன்பதாம் பிரிவு விமர்சனத்துக்கு உள்ளான அறிவிப்பாளர்களைப் பற்றியது. பத்தாவதில் ஹதீஸ்களின் எண்ணிக்கையைத் தாமே மீண்டும் எண்ணுகிறார்: இப்னுஸ் ஸலாஹ் முதலியோர் 7,275 என்று சொல்லிவந்ததைத் திருத்தி, திரும்ப வருபவற்றையும் சேர்த்து 7,397 என்றும், திரும்ப வராதவை 2,602 என்றும் கணக்கிடுகிறார். அப்துல் பாகீயின் எண்ணிடலில் இறுதி எண் 7,563. எண்ணும் முறை வேறு என்பதால் வரும் இந்த வேறுபாட்டைப் பதிப்பாளர்கள் ஒரு வரி அடிக்குறிப்பில் விளக்கியிருந்தால், புதிய வாசகர் திகைக்க மாட்டார்.

விரிவுரை எப்படி இருக்கும் என்பதற்கு முதல் ஹதீஸே சான்று. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்ற ஹதீஸை புகாரீ ஏன் தம் ஆசிரியர்களுள் ஹுமைதீயிடமிருந்து தொடங்கினார் என்று இப்னு ஹஜர் கேட்டுக்கொள்கிறார். ஹுமைதீ குறைஷி குலத்தவர், மக்காவைச் சேர்ந்தவர். வஹீயின் (இறைச்செய்தியின்) தொடக்கமும் மக்காவில்தான். அடுத்த ஹதீஸ் மதீனாவின் பேராசிரியர் மாலிக் வழியாக வருகிறது. வஹீயும் மக்காவுக்குப் பின் மதீனாவில்தான் தொடர்ந்தது. வெறும் பெயர்ப் பட்டியலாக நம் கண் தாண்டிச் செல்லும் அறிவிப்பாளர் தொடருக்குள் இப்படியொரு ஒழுங்கு இருக்கக்கூடும் என்று காட்டியவுடன், பிறகு எந்தத் தொடரையும் அவசரமாகக் கடக்க மனம் வருவதில்லை. அதே ஹதீஸில், “அல்லாஹ்வுக்காகவும் அவன் தூதருக்காகவும் ஹிஜ்ரத் செய்தவர்” என்ற பகுதி இந்த இடத்தில் மட்டும் ஏன் இல்லை என்ற கேள்வியையும் விடாமல் துருவுகிறார்.

இன்னொரு பக்கம், பத்தாம் பாகத்தில் 6203ஆம் ஹதீஸ். அபூ உமைர் என்ற சிறுவன் வளர்த்த சிட்டு இறந்துவிட, நபி (ஸல்) அவர்கள் “அபூ உமைரே, அந்தச் சின்னக் குருவி என்ன ஆயிற்று?” என்று அன்போடு விசாரித்த நிகழ்ச்சி. ஹதீஸ்வாதிகள் பயனற்ற செய்திகளையெல்லாம் அறிவிக்கிறார்கள் என்று குறைகூறியவர்கள் எடுத்துக்காட்டாகச் சொன்னது இந்த ஹதீஸைத்தான். அதற்குப் பதிலாக இப்னுல் காஸ் என்ற ஷாஃபிஈ சட்ட அறிஞர் இதிலிருந்து அறுபது பயன்களை எடுத்துத் தனி ஏடாக எழுதினார். இப்னு ஹஜர் அதைச் சுருக்கித் தந்து, மேலும் பலவற்றைத் தாம் சேர்க்கிறார். குழந்தையோடு விளையாட்டாகப் பேசலாம், பிள்ளை பெறாத சிறுவரையும் ‘அபூ’ (தந்தை) என்ற சிறப்புப் பெயரால் அழைக்கலாம், சிறுவர்கள் பறவை வளர்க்கலாம், பேச்சில் வலிந்து வராத எதுகை குற்றமில்லை என்று பட்டியல் நீள்கிறது. சில பயன்கள் இழுத்துப் பிடித்தவை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் சில வரிகளே உள்ள ஒரு செய்தியை இத்தனை திசைகளிலிருந்து பார்க்கும் பயிற்சியை வேறு நூல்களில் நான் அதிகம் கண்டதில்லை.

அவருடைய நேர்மைக்கு அடையாளமாக நான் கருதுவது “லம் அகிஃப் அலா இஸ்மிஹி” என்ற சொற்றொடர். அந்த மனிதரின் பெயர் எனக்குக் கிட்டவில்லை என்று பொருள். நிகழ்ச்சியில் பெயர் சொல்லப்படாத ஒருவர் வந்தால், பிற நூல்களிலெல்லாம் தேடி, கிடைத்தால் இடத்தோடு எழுதுவார். கிடைக்காவிட்டால் இந்த மூன்று நான்கு சொற்களோடு நிறுத்திக்கொள்வார். தம் நூல்களில் பெரும்பாலானவை இளம்வயதில் எழுதியவை, சரிபார்க்கத் துணை கிடைக்காதவை, ஆகவே அவற்றில் திருப்தி இல்லை என்றும், புகாரீ விரிவுரை, அதன் முன்னுரை, ‘முஷ்தபிஹ்’, ‘தஹ்தீப்’, ‘லிஸானுல் மீஸான்’ ஆகியவையே விதிவிலக்கு என்றும் அவர் சொன்னதாக ஸகாவீ குறிப்பிடுகிறார். 12,000க்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்ட ‘அல்இஸாபா’ இந்தப் பட்டியலில் இல்லை என்பதைப் பார்த்தால், அவருடைய அளவுகோல் எவ்வளவு கடுமையானது என்பது விளங்கும்.

இனிக் குறைகள். முதன்மையானதும், வாங்குபவர்களில் பலர் அறியாததுமான குறை இது: பக்கத்தின் மேற்பகுதியில் அச்சிடப்பட்டுள்ள புகாரீயின் மூலப் பாடம் இப்னு ஹஜர் வைத்தது அன்று. நூல் மிகவும் நீண்டுவிடும் என்று கருதி ஹதீஸை முழுவதும் எழுதும் எண்ணத்தை அவர் கைவிட்டார். ‘கவ்லுஹு’ (அவர் கூற்று) என்று சொல்லி, விளக்க வேண்டிய சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதினார். அவர் அடிப்படையாகக் கொண்டது அபூ தர் அல்ஹரவீயின் அறிவிப்பு, அதாவது அவர் வழியாக வந்த புகாரீயின் பாட வடிவம். பிற்கால அச்சகத்தார் வாசகரின் வசதிக்காக வேறு அறிவிப்பைச் சார்ந்த பாடத்தை மேலே சேர்த்துவிட்டார்கள். விளைவு என்னவென்றால், விரிவுரையில் அவர் விளக்கும் சொல் மேலே உள்ள ஹதீஸில் இருப்பதில்லை, அல்லது வேறு வடிவில் இருக்கிறது.

இதற்குத் தேடி அலைய வேண்டியதில்லை. முதல் பாகத்தின் தொடக்கத்திலேயே, மேலே “பாபு கைஃப கான பத்உல் வஹ்யி” என்று தலைப்பு இருக்கிறது; கீழே விரிவுரையில், அபூ தர், அஸீலீ ஆகியோரின் அறிவிப்பில் ‘பாப்’ (பாடம்) என்ற சொல் இல்லாமலே இப்படி வந்துள்ளது, மற்றவர்களின் அறிவிப்பில் அது உண்டு என்று இப்னு ஹஜர் எழுதுகிறார். தொடக்கத்தில் நான் இதை அச்சுப் பிழை என்று எண்ணி ஓரத்தில் கேள்விக்குறி இட்டேன். அப்படிப் பதினைந்து இருபது கேள்விக்குறிகள் சேர்ந்த பிறகே, பிழை தனித்தனிச் சொற்களில் இல்லை, இரண்டு வெவ்வேறு அறிவிப்புகளை ஒரே பக்கத்தில் ஒட்டவைத்ததில்தான் இருக்கிறது என்பது புரிந்தது. இதைப் பதிப்புரையில் தெரிவிக்காதது மன்னிக்கத்தக்க விடுபாடு அன்று. அபூ தர்ரின் அறிவிப்பை அடிப்படையாக வைத்து அச்சிட்ட தொகுதி கிடைக்குமானால், விலை சற்றுக் கூடுதலானாலும் அதையே வாங்கச் சொல்வேன்.

அடிக்குறிப்புகளில் ஒரு பகுதி ஷைக் இப்னு பாஸ் முதல் சில பாகங்களுக்கு எழுதியவை. இறைப்பண்புகளைப் பற்றிய இடங்களில் இப்னு ஹஜர் அஷ்அரீ என்னும் இறையியல் பிரிவின் அறிஞர்களைத் தழுவித் தரும் விளக்கங்களை அவை மறுக்கின்றன. எந்தக் கருத்துச் சரி என்பது இந்த மதிப்புரையின் வேலை அன்று. குறிப்பு யாருடையது என்று ஒவ்வோர் இடத்திலும் தெரிய வேண்டும் என்பது மட்டுமே என் எதிர்பார்ப்பு. என் தொகுதியில் சில குறிப்புகளின் கீழ் பெயர் இருக்கிறது, சிலவற்றில் விடுபட்டிருக்கிறது. மாணவர் ஒருவர் மறுப்புரையை ஆசிரியரின் சொந்தக் கருத்தாக எடுத்துக்கொள்ள இது இடந்தரும்.

ஏழாம் பாகத்தில் ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கங்கள், இருமுறை தைக்கப்பட்டு, அடுத்து வர வேண்டிய 16 பக்கங்கள் இல்லாமல் வந்தது. விற்றவர் மாற்றுப் பாகம் அனுப்பினார். ஆனால் அதற்கு இரண்டு மாதங்கள் ஆயின. புதிதாக வாங்குபவர்கள் தொகுதி கைக்கு வந்த அன்றே எல்லாப் பாகங்களின் பக்க எண்களையும் ஒருமுறை புரட்டிச் சரிபார்த்துவிட வேண்டும். அச்சுப் பிழைகள் பாகத்துக்குப் பாகம் வேறுபடுகின்றன. முதல் ஐந்தாறு பாகங்கள் தூய்மையாக இருக்கின்றன, பதினொன்றுக்குப் பிறகு மெய்ப்புப் பார்த்தவர் களைத்துவிட்டார்போலும். வாரந்தோறும் மாணவர்களைக் கூட்டி வரிக்கு வரி ஒப்பிட்ட ஒருவரின் நூலில் ‘இப்னு’வும் ‘அபூ’வும் இடம்மாறிக் கிடப்பதைப் பார்க்கும்போது சங்கடமாக இருக்கிறது. அறிவிப்பாளர் பெயரில் இந்த ஒரு சொல் மாறினால் ஆளே மாறிவிடுகிறார்.

அட்டவணைப் பாகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குர்ஆன் வசனங்களுக்கும் ஹதீஸ் தொடக்கங்களுக்கும் அட்டவணை இருக்கிறது, பொருள்வாரி அட்டவணை இல்லை. இந்நூலுக்கு அது மிகவும் தேவை. ஏனென்றால் புகாரீ ஒரே ஹதீஸைப் பல அத்தியாயங்களில் துண்டு துண்டாகத் தருகிறார். இப்னு ஹஜர் அவற்றில் பொருத்தமான ஓர் இடத்தில் மட்டும் முழு விளக்கத்தை எழுதிவிட்டு, மற்ற இடங்களில் “முன்பு கடந்தது”, “பின்னர் வரும்” என்று சுட்டிவிட்டுச் செல்வார். எங்கே கடந்தது, எங்கே வரும் என்று பாக எண்ணையும் பக்க எண்ணையும் அடிக்குறிப்பில் தருவது பதிப்பாளரின் கடமை. இத்தொகுதியில் சில இடங்களில்தான் தந்திருக்கிறார்கள். கெய்ரோவின் மஹ்மூதிய்யா மதரஸா நூலகத்துக்குப் பொறுப்பாளராக இருந்தபோது, அங்கிருந்த நூல்களுக்கு அகரவரிசையில் ஒன்றும் துறைவாரியாக ஒன்றுமாக இரண்டு பட்டியல்களை இப்னு ஹஜரே தயாரித்தார். தம் நூலுக்கு இப்படி ஓர் அட்டவணையைக் கண்டால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அவர் சொல்லக்கூடியது மென்மையாக இருந்திருக்காது. நையாண்டி அவருக்குக் கைவந்த கலை. ஹிஜ்ரி 821இல், சுல்தான் முஅய்யத் கட்டிய பள்ளிவாசலின் மினாரா சாய்ந்தபோது, “என் அழகுக்குக் ‘அய்ன்’ போல் கேடு வேறில்லை” என்று மினாராவே சொல்வதாக ஒரு கவிதை எழுதினார். அய்ன் என்றால் கண்ணேறு; அவருடைய போட்டியாளரான ஹனஃபீ அறிஞர் பத்ருத்தீன் அல்அய்னீயின் பெயரும் அதற்குள் இருக்கிறது. அய்னீயின் தரப்பிலிருந்து வந்த பதில்: கண்ணேறு என்பது தவறு, ‘ஹஜர்’ மட்டமானதால்தான் சாய்ந்தது. ஹஜர் என்றால் கல். அய்னீயும் புகாரீக்கு ‘உம்ததுல் காரீ’ என்ற பெரிய விரிவுரை எழுதியவர். ஃபத்ஹுல் பாரீயின் ஏடுகளை இப்னு கிள்ர் வழியாகப் பெற்றுப் பயன்படுத்திக்கொண்டே அதை விமர்சித்தார் என்பது இப்னு ஹஜர் தரப்பின் மனக்குறை. அதற்குப் பதிலாக ‘இன்திகாளுல் இஃதிராள்’ என்ற நூலையே எழுதினார். மொழி, இலக்கண விளக்கம் வேண்டுபவர்களுக்கு அய்னீ ஒழுங்கான தலைப்புகளோடு எழுதிய விரிவுரை உண்மையில் எளிதாக இருக்கும். அறிவிப்பாளர் தொடர்களும் அறிவிப்பு வேறுபாடுகளும் வேண்டுபவர்களுக்கு ஃபத்ஹுல் பாரீக்கு ஈடில்லை.

இந்தத் தொகுதி யாருக்குப் பயன்படும்? மதரஸாவில் இறுதி ஆண்டுகளில் புகாரீ படிக்கும் மாணவர்களுக்கும், பாடம் நடத்தும் உஸ்தாதுகளுக்கும் கட்டாயம் பயன்படும். அரபு இலக்கணத்தை முடித்து ஹதீஸ் கலைச்சொற்களில் ஓரளவு பழக்கம் உள்ளவர் தாமாகவும் படிக்கலாம். அந்தப் பழக்கம் இல்லாதவர் முதலில் இதே ஆசிரியரின் ‘நுக்பத்துல் ஃபிகர்’ என்ற சில பக்க நூலை ஓர் ஆசிரியரிடம் படித்துவிட்டு வருவது நல்லது. கணினியில் தேடிப் படிக்கும் வசதி இருக்கும்போது அச்சுத் தொகுதி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பெயரைத் தேடக் கணினி போதும். ஓர் அத்தியாயத்தின் வாதம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பின்தொடர, பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டும் வசதி வேண்டும். ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும் இப்னு ஹஜர் தரும் கணக்கு, அதாவது இதில் இத்தனை ஹதீஸ்கள், திரும்ப வந்தவை இத்தனை, இமாம் முஸ்லிமும் பதிவு செய்தவை இத்தனை என்னும் குறிப்பு, தேடலில் சிக்காமல் வாசிப்பில் மட்டுமே கண்ணில் படும் பகுதி.

ஹிஜ்ரி 827 முதல் பலமுறை நியமிக்கப்பட்டும் நீக்கப்பட்டும், மொத்தத்தில் ஏறத்தாழ 21 ஆண்டுகள் எகிப்தின் ஷாஃபிஈ தலைமைக் காதீயாக (நீதிபதியாக) இருந்தவர் அவர். அந்தப் பதவியை ஏற்றதற்காக வருந்தியும் இருக்கிறார். வழக்குகளுக்கும் அரசவைக்கும் இடையில் எழுதப்பட்ட இந்த 13 பாகங்களை நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் என்று படித்துவருகிறேன். ஒன்பதாம் பாகத்தின் நடுவில் நிற்கிறேன். மேலுள்ள பாடத்துக்கும் விரிவுரைக்கும் வேறுபாடு வரும் இடங்களில் அபூ தர்ரின் சொல்லைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன். முதல் பாகத்தில் இட்ட கேள்விக்குறிகளை அழித்தாயிற்று.